ஏற்ற என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

“வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைய வேலிகாத்தான். வருஷத்தில் பெரும்பாதி மணலாகவே கிடக்கும் குண்டாறு. இங்கே சரக்கு ரயில் விட்டு எதை ஏற்றப் போகிறார்கள்?” அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ரயில் பாதையைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டீக்கடையில் அது சலிப்போடு வரும். கோப்புகளில் ‘போதிய சரக்குப் போக்குவரத்து இல்லை’, ‘முதலீட்டுக்கேற்ற வருவாய் இராது’ என்று இஸ்திரி போட்ட சட்டையோடு வரும். சாரம் ஒன்றுதான்: வறண்ட சீமைக்குப் பயணி வண்டி வேண்டுமானால் விடலாம், சரக்குக்கு நால்வழிச்சாலை போதும்.

கேட்டவுடன் நியாயம்போலத் தோன்றும் இந்தக் கருத்து அடியிலிருந்து நுனிவரை தப்பு. இந்த மண்ணில் சரக்கு இல்லாத காலம் இருந்ததே கிடையாது. அந்தச் சரக்கை ஏற்றிக்கொள்ள ரயில்வே தயாராக இல்லாத காலம்தான் நீண்டு கிடக்கிறது.

ரயிலுக்கு முந்தைய கதையிலிருந்தே தொடங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய இராமநாதபுரம் சீமையின் வணிக வழிகளில் நாடார் வியாபாரிகள் பேட்டைகளை அமைத்தார்கள். பாரவண்டிகள் இரவு தங்கவும், மாடுகளை அவிழ்த்துக் கட்டவும், சரக்கு களவு போகாமல் காக்கவும் மதில் எழுப்பிய இடங்கள் அவை. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்கள் அந்த வணிகத்தின் முடிச்சுகள். பாலையம்பட்டி அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். ஆக, ஆறில் இரண்டு இங்கேயே இருந்தன. பஞ்சு, புகையிலை, கருப்பட்டி, உப்பு, கருவாடு என்று வண்டி வண்டியாகப் போனது. வியாபாரத்தின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமையைச் சேர்த்துக் கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் கண்டார்கள். விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை 1889இல் அப்படி எழுந்ததுதான். சரக்கின் மீது எடுத்த சில்லறைக் காசில் பள்ளிக்கூடம் நடத்த முடிந்திருக்கிறது என்றால், அந்தப் பாதைகளில் எத்தனை வண்டிகள் போயிருக்க வேண்டும்!

1876இல் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்தது. எதற்காக என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861–65 காலத்தில் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் போனபோது, திருநெல்வேலிப் பஞ்சுக்குச் சந்தையில் மவுசு ஏறியது. கரிசல் காட்டுப் பஞ்சைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் வேண்டியிருந்தது. பிறகு ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலைகள் 1880களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், அடுத்த பத்தாண்டில் மதுரையிலும் எழுந்தன. இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாதை வந்த அதே ஆண்டில்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. தென்னாட்டு வரலாற்றிலேயே மிகக் கொடிய பஞ்சம் அது. அன்றைக்கு ‘வறண்ட சீமை, ஏற்ற ஒன்றும் இராது’ என்று எந்த வெள்ளைக்கார இன்ஜினியரும் பாதையைச் சுருட்டி வைக்கவில்லை. கரிசலில் பஞ்சு விளைகிறதா என்று மட்டும் பார்த்தார்கள், போட்டார்கள். நம் மக்களின் நன்மைக்காகப் போட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. சரக்கைக் கண்டுபிடிக்கும் கண் அவர்களுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பாதை அருப்புக்கோட்டைக்கு மேற்கே சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, விருதுபட்டி வழியாகப் போனது. 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறிய அந்த ஊரைப் பற்றி, ஒன்றும் விளையாத ஊர் எல்லாவற்றுக்கும் விலை சொல்கிறது என்பார்கள். இன்றும் நாளிதழ்களில் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று தனியாக விலை நிலவரம் வருகிறது. பருப்பும் வத்தலும் மல்லியும் எண்ணெயும் அந்த ஊர்க் கிட்டங்கிகளைத் தாண்டித்தான் விலை பெறுகின்றன. அருப்புக்கோட்டைக்கு முதல் ரயில் வந்தது 1963இல். விருதுபட்டிக்கு வந்து 87 ஆண்டுகள் கழித்து. அடுத்த ஆண்டு அந்தப் பாதை திருச்சுழி, நரிக்குடி வழியே மானாமதுரை வரை நீண்டது. (திருச்சுழியில் பிறந்த ரமணர் 1896இல் மதுரையிலிருந்து ரயிலேறித்தான் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவர் பிறந்த ஊருக்கு ரயில் வந்தபோது அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.) அதற்குள் கமிஷன் மண்டி, தரகு, கிட்டங்கி, கடன் வசதி எல்லாம் விருதுநகரில் வேர் பிடித்துவிட்டன. தாமதமாக வந்த ரயிலுக்குச் சரக்கு காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதை வைத்து, சரக்கே இல்லை என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்?

இப்போது அந்தக் கேள்விக்கு நேராக வருவோம். ஏற்ற என்ன இருக்கிறது? பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் இராமலிங்கா, ஜெயவிலாஸ் என்று ஊரின் அடையாளமாகிப்போன நூற்பாலைகள் இருக்கின்றன. கைத்தறியும் விசைத்தறியும் இருக்கின்றன. உள்ளே வரும் பஞ்சும் வெளியே போகும் நூலும் துணியும் இருக்கின்றன. மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, வத்தல். கண்மாய்க் கரைகளிலும் குண்டாற்று ஓரத்திலும் மூட்டம் போட்டு எடுக்கும் கரி.

இதை ஒருதரம் மெதுவாகப் பார்த்தால் ஒரு பொதுக்குணம் பிடிபடும். எல்லாம் காய்ந்த சரக்கு. அழுகாது, புளிக்காது, வாடாது. இன்று போனாலும் சரி, நாலு நாள் கழித்துப் போனாலும் சரி. ரயில் விரும்பும் சரக்கு எது? கனமாக இருக்க வேண்டும், கெடக்கூடாது, அவசரம் இருக்கக்கூடாது, ஓரிடத்தில் மொத்தமாகச் சேர்த்துவைக்க முடிய வேண்டும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக்கு லாரிதான் ஏற்றது; விடிவதற்குள் சந்தை சேர வேண்டும். ஆற்றுப்பாசனத்து வாழைத்தாருக்கும் அதே அவசரம். கரிசல் சரக்குக்கு அந்தப் பதற்றம் கிடையாது. அருப்புக்கோட்டையில் அவசரப்படும் சரக்கு என்றால் அது மல்லிகை. அது ரயில் கேட்கவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் தஞ்சாவூரைவிட இந்த வறண்ட சீமைதான் சரக்கு ரயிலுக்குத் தோதானது.

வறட்சியே முதலாகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1923இல் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவில் கற்ற தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். மருந்து முக்கிய குச்சி காய வெயில் வேண்டும், காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். அந்த ஊரின் மழையின்மையே தொழிலுக்கு அடித்தளமானது. 1927இல் விருதுநகர்–தென்காசிப் பாதை சிவகாசி வழியே திறந்தது. தொழில் தொடங்கிய நான்காம் ஆண்டில் ரயில்! அருப்புக்கோட்டைத் தறிகளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை.

சரி, இவ்வளவு இருந்தும் ரயில்வே கணக்கில் ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். கணக்கு எந்த ஊரில் எழுதப்படுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். பந்தல்குடிச் சுரங்கத்துக் கல் லாரியேறி, 1960களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் ஆர்.ஆர். நகர் ராம்கோ ஆலைக்குப் போகிறது. அந்த ஆலை நிற்பது துலுக்கப்பட்டி ரயில் நிலையத்தை ஒட்டி. அங்கே சிமெண்ட் ஆன பிறகு ஒரு மூட்டை ரயிலேறினாலும் அது துலுக்கப்பட்டிச் சரக்கு. மூலக்கல் அருப்புக்கோட்டை வட்டத்தில் வெட்டியது என்று எந்தப் பேரேட்டிலும் வராது. திருச்சுழி வத்தல் விருதுநகர் மண்டிக்குப் போய்விட்டால் விருதுநகர் வத்தல். கடல் தாண்டி வரும் பஞ்சுப் பொதி தூத்துக்குடித் துறைமுகத்தின் கணக்கு. இங்கே பிறந்ததும் இங்கே வந்து சேர்வதும் வேறு ஊர்ப் பெயரில் பதிவாகின்றன. பிறகு சர்வே எடுக்க வருபவர் இந்த ஊர் ஸ்டேஷன் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சரக்கு இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறார்.

எதிர்த்தரப்பு இந்த இடத்தில் ஒன்று சொல்லும், அது சரியானதும்கூட. பந்தல்குடியிலிருந்து ஆர்.ஆர். நகர் கிட்டத்துத் தொலைவு. அவ்வளவு குறுகிய தூரத்துக்குக் கல்லை ரயிலில் ஏற்றி இறக்குவது கட்டுபடியாகாது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் போகும் மக்காச்சோளத்துக்கும் ஓரளவு அதே கதை. தூரத்துச் சரக்கில்தான் ரயிலின் பலம் தெரியும். ஆனால் தூரத்துச் சரக்கு இல்லையா என்ன? தமிழ்நாட்டு மில்களின் பஞ்சுத் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே விளைவதில்லை. மீதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வர வேண்டும். திரித்த நூல் இச்சல்கரஞ்சி, பிவண்டி விசைத்தறிகள் வரை போகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போய் வரும் சரக்கு இது. வரும்போது பஞ்சு, போகும்போது நூல். இரண்டு பக்கமும் சுமை கிடைக்கும் பாதைக்கு எந்த நாட்டு ரயில்வேயும் நாக்கைச் சப்புக்கொட்டும்.

அப்படியானால் ஏன் ஏறவில்லை? இங்கேதான் கதையின் நடுப்பகுதி இருக்கிறது, அதை அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது.

1963இல் வந்தது மீட்டர் பாதை. வடக்கே போகும் சரக்கை வழியில் எங்காவது அகலப்பாதை வேகனுக்கு மாற்றியாக வேண்டும். மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றும்போது கூலி இரட்டிப்பு, சேதாரம், களவு, நாள் கணக்கில் தாமதம். 1980களில் ரயில்வே இன்னொரு முடிவுக்கு வந்தது. ஒரு வேகன், இரண்டு வேகன் என்று சில்லறையாகச் சரக்கு எடுப்பதைப் படிப்படியாகக் குறைத்து, முழு ரேக்காக, அதாவது ஒரு வண்டித்தொடர் முழுவதற்குமான சரக்காக, வந்தால்தான் எடுப்பது என்ற வழக்கத்துக்கு நகர்ந்தது. நிலக்கரிக்கும் இரும்புத்தாதுக்கும் அது அருமையான ஏற்பாடு. மூடுவேகன் 42 கொண்ட ஒரு ரேக்கில் சுமார் 2,500 டன் ஏறும். 25 டன் லாரி நூறு வேண்டும் அதை நிரப்ப. நாற்பது மூட்டை மல்லி வைத்திருக்கும் அருப்புக்கோட்டை வியாபாரி என்ன செய்வார்? ஒரு வேகன் பஞ்சு வேண்டிய மில்காரர் என்ன செய்வார்? லாரி புக்கிங் ஆபீசுக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை.

1990களில் விருதுநகர் வழியாகப் போகும் முதன்மைப் பாதை அகலமானது. கிளைப்பாதை மட்டும் மீட்டராகவே கிடந்தது. விருதுநகர்–மானாமதுரைப் பாதை அகலமாகித் திறந்தது 2013இல்தான். இடைப்பட்ட இரண்டு பத்தாண்டுகள்தான் தமிழ்நாட்டு நூற்பாலைத் தொழில் வேகமாக விரிந்த காலம். நால்வழிச்சாலைகள் வந்த காலமும் அதுவே. அந்த நேரத்தில் அருப்புக்கோட்டையின் தண்டவாளம் நாட்டின் அகலப்பாதை வலைப்பின்னலோடு ஒட்டாமல் கிடந்தது. சரக்கைத் துரத்திவிட்டு, கதவையும் சாத்திவிட்டு, ‘யாரும் வரக் காணோம்’ என்று வருத்தப்படுவது வேடிக்கை. இன்று அந்தப் பாதையில் ஊரார் வாயில் வரும் பெயர்கள் சிலம்பு எக்ஸ்பிரஸ், வேளாங்கண்ணி–எர்ணாகுளம் வண்டி என்று பயணி வண்டிகளின் பெயர்களாகவே இருப்பதில் ஆச்சரியம் என்ன?

சின்ன வியாபாரி ரேக் நிரப்ப முடியாது என்பதும் முழு உண்மை கிடையாது. பீகாரின் பூர்ணியா மாவட்டத்தில் குலாப்பாக் மண்டி இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்காச்சோள விவசாயி நம் மானாவாரிக்காரரைவிடப் பெரியவர் ஒன்றும் இல்லை, துண்டு நிலம்தான். ஆனால் மண்டி சேர்த்துக் கொடுக்கிறது, பக்கத்து கூட்ஸ் ஷெட்டில் ரேக் நிற்கிறது, அந்தச் சோளம் இந்தியாவின் குறுக்கே ஓடி நாமக்கல் கோழிக்குத் தீவனமாகிறது. துளித்துளியாக விளைவதை ஓரிடத்தில் சேர்க்கும் ஆளும் இடமும் அங்கே இருக்கின்றன. அருப்புக்கோட்டைக்கு அந்த வித்தை தெரியாதா? பேட்டை கட்டிய ஊர் இது.

‘நால்வழிச்சாலை போதும்’ என்ற வாதத்துக்கு வருவோம். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டுப் போகிறது. லாரி மில் வாசலில் ஏற்றி மில் வாசலில் இறக்குகிறது. ரயிலால் அது ஆகாது. மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதிக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. பார்த்தால் ஒன்றே கால் டன் கூடுதல். சாலைப் பொறியாளர்கள் 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சாலைக்கு நேரும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறும். அந்தக் கணக்கில் சுமை எட்டில் ஒரு பங்கு கூடினால் சேதம் அறுபது விழுக்காடு கூடும். இந்தச் செலவு லாரி வாடகையில் சேர்வதில்லை. காரில் போகிறவரும் பஸ்ஸில் போகிறவரும் சுங்கமாகவும் வரியாகவும் கட்டுகிறார்கள்.

எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியாபுரத்திலும் சுங்கச்சாவடி வைத்து வசூலிக்கும் இந்தச் சாலையின் லட்சணம் என்ன? 2025 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சாலையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று சொல்லிச் சுங்க வசூலுக்கே தடை போட்டது. உச்ச நீதிமன்றம் பிறகு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது வேறு விஷயம். கனரகச் சரக்கு முழுவதையும் சாலையில் கொட்டிவிட்டு, சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று வழக்குப் போடும் நிலைக்கு வந்திருக்கிறோம். நாடு முழுவதுமே இந்தக் கோளாறுதான். 1950–51இல் சரக்கில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் ரயிலில் போனது. இப்போது முப்பதுக்கும் கீழே. தேசிய ரயில் திட்டம் அதை 2030க்குள் 45 விழுக்காட்டுக்கு உயர்த்தப்போவதாகச் சொல்கிறது. எந்த ஊர்ச் சரக்கை வைத்து உயர்த்துவார்களாம்? நிலக்கரி ஏற்கெனவே ரயிலில்தான் போகிறது. புதிதாக ஏற வேண்டியது அருப்புக்கோட்டை மாதிரியான ஊர்களின் சரக்குதான்.

குண்டாற்றுப் பக்கம் ஒருமுறை போய் வந்தால் இந்த வாதம் இன்னும் துலங்கும். மேற்கு மலையடிவாரத்தில் பிறந்து திருமங்கலம், காரியாபட்டி பக்கமாக வந்து, திருச்சுழியில் பூமிநாதர் கோயிலைத் தொட்டுக் கமுதிக்குப் போகிற ஆறு அது. ரயில் பாதை அதைத் திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் கடக்கிறது. இந்த ஆற்றங்கரையின் தொழில் சத்தமில்லாமல் மாறிவிட்டது. பஞ்சும் கம்பும் விளைந்த காடுகளை வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேல் பிடித்தது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பல கிராமங்களில் விவசாயத்தை விட நிச்சயமான பிழைப்பானது. நீர்நிலைகளில் இருந்து அதை வேரோடு அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் கரித்தொழில் ஓயவில்லை. மழை பொய்த்த ஆண்டில் அதைவிட்டால் கையில் காசு வர வழி இல்லை என்பதே காரணம்.

பிறகு சூரிய மின்சாரம் வந்தது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள். அந்த நேரத்தில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய நிலையம் அதுதான். கண்ணாடி, இரும்புச் சட்டம், கேபிள், மின்மாற்றி எல்லாம் எட்டே மாதத்தில் வந்து இறங்கின. கமுதிக்கு ரயில் கிடையாது. பக்கத்துப் பாதை திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாகப் போவது. ஒன்றுமே இல்லை என்று சொல்லப்படும் பூமிக்கு எட்டு மாதத்தில் அத்தனை பாரம் வந்திருக்கிறது. வெயிலைத் தேடி வந்த பாரம் அது. இன்னும் வரும்.

தண்ணீரும் வரக்கூடும். 262 கிலோமீட்டர் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாயின் கடைமடை இந்த ஆறுதான். எப்போது முடியும் என்று ஜோசியம் சொல்லத் தேவையில்லை. வராவிட்டாலும் இங்கே சரக்கு உண்டு, வந்தால் கூடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, புதிய பாதை வேண்டும் என்று கொடிபிடிக்கும் தரப்பையும் கொஞ்சம் உரசிப் பார்க்காமல் விடக்கூடாது. அங்கேயும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: தண்டவாளம் வந்தால் தொழில் தானாக வரும் என்பது. மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியே தூத்துக்குடிக்கு 143.5 கிலோமீட்டர் புதிய பாதை 2011–12இல் அனுமதி பெற்றது. முடிந்தது மீளவிட்டான்–மேல்மருதூர் இடையே 18 கிலோமீட்டர் மட்டும். மேல்மருதூரில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரி அதன் உணவு. தற்செயலோ திட்டமோ, பாதை நின்றிருக்கும் இடம் ரயில்வேயின் மனசு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 2025 ஜனவரியில் சென்னையில் ரயில்வே அமைச்சர், மாநில அரசே இந்தத் திட்டம் வேண்டாம் என்றது எனப் பேசப்போய், மாநில அமைச்சர் மறுக்க, கேள்வி காதில் சரியாக விழாமல் தனுஷ்கோடிப் பாதையை நினைத்துச் சொன்னது என்று ரயில்வே விளக்கம் தந்தது. அருப்புக்கோட்டைப் பாதை யார் நினைவிலும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் மதுரை–தூத்துக்குடிக்கு விருதுநகர் வழியே இரட்டைப்பாதை ஆகிவிட்டது. இன்னொரு நெடும்பாதை அவசியமா என்று கேட்பவரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புதிய பாதை வரட்டும், வர வேண்டும். அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் தப்பு. கையில் இருக்கிற பாதையையே இந்த ஊர் சரக்குக்குப் பயன்படுத்தவில்லை. 1963இல் தண்டவாளம் வந்தும் தொழில் ரயிலேறாமல் போனது எதனால் என்று கேட்டவர்கள் குறைவு. இன்னொரு தண்டவாளம் போட்டுவிட்டு, கிட்டங்கியும் மேற்கூரையும் ஏற்றுதளமும் கண்டெய்னர் இறக்கும் வசதியும் இல்லாவிட்டால் அதிலும் பயணி வண்டிதான் ஓடும்.

சின்ன ஊருக்குச் சரக்கு ரயில் கட்டாது என்பவர்களுக்கு உலகத்தில் ஒரு பெரிய மறுப்பு இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய ரயில் கம்பெனிகள் கைவிட நினைத்த கிளைப்பாதைகள், 1980இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு சின்னச் சின்ன உள்ளூர் நிறுவனங்களின் கைக்கு மாறின. இன்று அப்படிச் சுமார் 600 இருக்கின்றன. ஆற்றோரத்துச் சிறு நகரத்து மாவு ஆலையில் இரண்டு வேகன், மரக்கடையில் ஒரு வேகன் என்று சேகரித்துப் பெரிய பாதையில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்த நாட்டின் தூரம் வேறு, தொழில் வேறு என்பது உண்மைதான். நம்மூரில் தனியார் கையில் பாதையைக் கொடுக்கச் சொல்வதும் இல்லை. சில்லறைச் சரக்கை ரயிலேற்ற முடியாது என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை என்பதற்கு அது சாட்சி.

நம் ரயில்வேயிடமே அதற்கு வழிகள் உண்டு. முழு ரேக் வேண்டாம், இருபது வேகன் போதும் என்ற சிறு ரேக் திட்டம் இருக்கிறது. ஒரே ரேக்கை இரண்டு நிலையங்களில் பிரித்து ஏற்றவும் இறக்கவும் விதி இருக்கிறது; விருதுநகரில் பாதி, அருப்புக்கோட்டையில் பாதி என்று அதைப் பயன்படுத்தலாம். 2021 டிசம்பரில் வந்த கதிசக்தி சரக்கு முனையக் கொள்கைப்படி தனியாரோ வணிகர் சங்கமோ தங்கள் நிலத்தில் முனையம் அமைத்துப் பாதையோடு இணைத்துக்கொள்ளலாம். இதற்குமேல், சாத்தூர் வட்டம் இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023 மார்ச்சில் தொடக்கவிழா நடந்திருக்கிறது. அங்கே தறியும் சாயமும் தையலும் வரும்போது பஞ்சும் நூலும் எங்கிருந்து, எதில் போகும் என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டும். பூங்கா எழுந்த பிறகு யோசித்தால், சுங்கச்சாவடி வரிசையில் இன்னும் ஐந்நூறு லாரி நிற்கும்.

ஆகவே அருப்புக்கோட்டை மில் முதலாளிகளுக்கும் வணிகர் சங்கத்துக்கும் விசைத்தறிச் சங்கங்களுக்கும் சொல்ல வேண்டியது இது. ஆண்டுக்கு எத்தனை பொதி பஞ்சு எங்கிருந்து வருகிறது, எத்தனை டன் நூல் எங்கே போகிறது, எவ்வளவு பருப்பும் வத்தலும் கரியும் ஊரைவிட்டு வெளியேறுகின்றன என்று உங்கள் கணக்குப்பிள்ளைகளிடம் இருக்கும் விவரத்தை ஒரே தாளில் சேருங்கள். மதுரைக் கோட்ட ரயில்வேயிடம் அதைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எத்தனை சிறு ரேக் தருவோம் என்று உறுதியும் கொடுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இன்னொரு எக்ஸ்பிரஸுக்கு நிறுத்தம் கேட்கும் மனுவோடு இந்தத் தாளையும் நீட்டுங்கள். ரயில்வே சர்வே எடுக்க வந்தால் ஸ்டேஷன் பேரேட்டைப் பார்க்க விடாதீர்கள். பந்தல்குடி விலக்கில் கொண்டுபோய் நிறுத்தி, போகிற லாரிகளை எண்ணச் சொல்லுங்கள்.